அரிசிப் பானைக்குள் அறுபது மாத்திரை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் சுகாதாரக் குழுவின் சார்பில் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



கணக்கு வாசித்தாச்சு, கடன் விவரமும் சொல்லியாச்சு. இப்போது நாங்கள் பேச வந்திருப்பது இன்னொரு கணக்கைப் பற்றி. நம் இரத்தக் கணக்கு.

நம் குழு ஒன்றில் இருக்கிற ஓர் அக்காவின் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, கண் இருட்டுகிறது என்றாள். நர்சம்மா விரலில் குத்திப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 6.8. குறைந்தது 11 இருக்க வேண்டிய இடம். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். அவள் புருஷன் இரத்தம் கொடுக்க ஆள் தேடி அலைந்தான். இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

பிறகு வீட்டைச் சுத்தம் செய்யும்போது அரிசிப் பானைக்குள் ஒரு பொட்டலம் கிடைத்தது. உள்ளே நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரை, அறுபதும் அப்படியே. "அதைச் சாப்பிட்டா புள்ள கறுப்பாப் பொறக்கும்னு பக்கத்துல சொன்னாங்க. வாந்தியும் வந்துச்சு. நர்சம்மா திட்டுவாங்கன்னு வாங்கி வச்சுக்கிட்டேன்" என்று அந்தப் பெண் அழுதாள்.

அவளை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? சந்தாவில் பத்து ரூபாய் குறைந்தால் வீடு தேடிப் போய்க் கேட்கிற நாம், "மாத்திரை சாப்பிட்டியா தாயி?" என்று ஒரு வார்த்தை கேட்டோமா? கேட்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு அந்த மாத்திரையின் கதையைச் சொல்கிறோம். அதில் என்ன இருக்கிறது, அது உடம்புக்குள் என்ன செய்கிறது, அதை யார் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள் என்று தெரிந்துவிட்டால், யாருக்கும் அதைப் பானைக்குள் போட மனசு வராது.

பாங்குக்குப் போகும் பிரதிநிதி

முதலில் நம் இரத்தத்தைப் பார்ப்போம். இரத்தம் சிவப்பாக இருப்பதற்குக் காரணம் சிவப்பணு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வடையை ஓட்டை போடாமல் நடுவில் விரலால் அமுக்கினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். அதற்குள்ளே ஹீமோகுளோபின் என்ற பொருள். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் துகள்கள். ஒவ்வொரு துகளிலும் 4 இரும்பு அணுக்கள். நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை நுரையீரலில் ஏற்றிக்கொண்டு போய், கை, கால், மூளை, கர்ப்பப்பை எல்லா இடத்திலும் இறக்கி வைப்பது இந்த இரும்புதான்.

ஓர் அதிசயத்தைக் கேளுங்கள். சிவப்பணு நாள் முழுக்கப் பிராணவாயுவைச் சுமக்கிறது. ஆனால் அதில் ஒரு துளியைக்கூடத் தன் செலவுக்கு எடுப்பதில்லை. தன் வேலைக்கான சக்தியைச் சர்க்கரையைப் பிராணவாயு இல்லாமலேயே உடைத்து எடுத்துக்கொள்கிறது. நம் குழுப் பிரதிநிதி சேமிப்புப் பணத்தை பாங்குக்குக் கொண்டு போகிறாரே, பஸ் காசைத் தன் முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுக் குழுப் பணத்தைத் தொடாமல் கட்டிவிட்டு வருகிறாரே, அதே நேர்மை!

ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதன் பிறகு அழிந்துவிடும். அதனால் எலும்பு மஜ்ஜைக்குள் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் புதுச் சிவப்பணுக்கள் பிறந்துகொண்டே இருக்க வேண்டும். நாம் "வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் 20 லட்சம்! இந்தத் தொழிற்சாலைக்குச் சரக்கு வராமல் நின்றால் அதுதான் இரத்தசோகை.

நகையை விற்ற தாய், கப்பலேறிய மகன்

உடம்பின் ஒவ்வோர் உயிரணுவும் சக்தியை எப்படிச் சேர்க்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்று ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். அந்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கிறது. அன்று சென்னை மாகாணம். அப்பா உடம்பு சரியில்லாமல் வேலையை விட்டுவிட்டார். வீட்டில் வறுமை. மெட்ரிக் பரீட்சையில் பையன் இரண்டு தடவை பெயில். அம்மா வெங்கம்மா விடவில்லை. நகையை விற்றுப் படிக்க வைத்தார். சென்னை திருவல்லிக்கேணியில் இருக்கும் இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாம் தடவை பாஸ் செய்தார். பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது.

அந்த வீட்டில் ஒரு பெரிய சோகம். சுப்பாராவின் இரண்டு சகோதரர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமல் பேதியாகி, இரத்தம் வற்றி, உடம்பு உருகிப் போகும் ஒருவகைக் கிரகணி நோய். இங்கிலீஷில் ஸ்ப்ரூ என்பார்கள். அவருக்கும் அது வந்து பிழைத்தார். இதற்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டும் என்ற வேகத்தோடு அமெரிக்கா போனார். இளம் மனைவி சேஷகிரி ஊரிலேயே தங்கினார். போனவர் திரும்பி வரவேயில்லை. அந்த அம்மாவின் காத்திருப்பும் இந்த மாத்திரையின் விலையில் சேர்ந்ததுதான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

பாஸ்டன் நகரில் படித்துக்கொண்டே ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்துச் சாப்பிட்டார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, இரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று நீல நிறத்தை வைத்து அளக்கும் முறையை 1925-ல் வெளியிட்டார். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். அந்த அளவுகோல் கையில் கிடைத்ததும் உயிரணுவின் கணக்குப் புத்தகமே திறந்துகொண்டது. தசையில் சக்தியைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளை 1927-ல் கண்டார்கள். ஏ.டி.பி. என்ற பொருளை 1929-ல் கண்டார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டார்.

இது என்ன என்று நம் பாஷையில் சொல்லட்டுமா? ஏ.டி.பி. என்பது உயிரணுவின் கைச்செலவுப் பணம். தின்ற சோறும் பயறும் நேராக வேலை செய்யாது. ஏ.டி.பி. என்ற சில்லறையாக மாறினால்தான் செலவழிக்க முடியும். பாஸ்போகிரியேட்டின், தசைக்குள் இருக்கும் அவசரச் சேமிப்பு. திடீரென்று ஓடவோ தூக்கவோ வேண்டும் என்றால் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சிவப்பணுவும் தன் உருவம் குலையாமல் காத்துக்கொள்வது இந்தச் சில்லறையை வைத்துத்தான். தன்னைவிடக் குறுகலான இரத்தக் குழாய்க்குள்ளும் அது மடங்கி நுழைந்து வெளியே வருகிறது. மற்ற உயிரணுக்கள் இந்தச் சில்லறையை ஏராளமாகச் செய்ய வேண்டுமானால் பிராணவாயு வேண்டும். சிவப்பணு குறைந்தால் பிராணவாயு குறையும், சில்லறை தட்டுப்படும். "கை காலெல்லாம் அசந்து வருது, ஒண்ணும் செய்ய முடியல" என்று நாம் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை சகோதரிகளே. உயிரணுக்களில் பணத் தட்டுப்பாடு!

பம்பாய் மில்லுத் தொழிலாளிப் பெண்கள்

சுப்பாராவ் அமெரிக்காவில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே சமயத்தில், பம்பாயில் கர்ப்பிணிகள் ஒருவித இரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். துணி மில்லில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள். அதை ஆராய 1928-ல் இங்கிலாந்திலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். பெயர் லூசி வில்ஸ். பெண்கள் பட்டம் வாங்குவதே அரிதாக இருந்த காலத்தில் படித்து டாக்டரானவர்.

அந்தப் பெண்களின் இரத்தத்தைச் சோதித்தால், சிவப்பணு எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் அளவுக்கு மீறிப் பெரிதாக, முதிராமல் இருந்தது. லூசி வில்ஸ் அவர்களின் சாப்பாட்டைக் கவனித்தார். பழம், காய், கீரை, பால் எல்லாம் மிகக் குறைவு. கிருமியால் வந்த நோய் இல்லை, சாப்பாட்டில் ஏதோ ஒரு சத்து இல்லை என்று முடிவு செய்தார். எலிக்கும் குரங்குக்கும் அதே மாதிரிச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்த்தார். சோகை வந்த குரங்குக்கு மார்மைட் என்ற ஈஸ்ட் சாறு கொடுத்ததும் தேறியது. விலை மலிவான பொருள். கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதை எழுதினார்.

இந்த ஆராய்ச்சியில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1929-ல் லூசி வில்ஸ் சில மாதம் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்து வேலை செய்தார். 1931-ன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். அதுதான் இன்று திருவல்லிக்கேணியில் இருக்கும் கஸ்தூரிபா காந்தி தாய் சேய் மருத்துவமனை. நம்மில் சிலரின் பிள்ளைகள்கூட அங்கே பிறந்திருக்கலாம்.

ஈஸ்ட் சாறில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது என்று தெரிந்தது. அது என்ன என்று அப்போது தெரியவில்லை.

இலையிலிருந்து வந்த பெயர்

1941-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு டன் பசலைவகைக் கீரையை அரைத்து, பிரித்து, கடைசியில் மிகச் சிறிதளவு ஒரு பொருளை எடுத்தார்கள். லத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். காதில் விழும்போது 'போலி' அமிலம் மாதிரி இருக்கும். ஆனால் போலி இல்லை, அசல்!

டன் கணக்கில் கீரையை அரைத்து ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்க முடியுமா? இந்த இடத்தில்தான் சுப்பாராவ் மறுபடியும் வருகிறார். 1940-ல் நியூயார்க் மாநிலத்தில் இருந்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் வேலை செய்த குழு, ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைக் கண்டறிந்து, ஆய்வுக்கூடத்திலேயே தயாரிக்கும் வழியை 1945-ல் வெளியிட்டது. ஒரு ஆளின் பெருமை இல்லை, குழுவின் வெற்றி. குழு என்றால் என்ன செய்ய முடியும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த மருந்து பெரிய சிவப்பணுச் சோகையைக் குணப்படுத்தியது. சகோதரர்களைக் கொன்ற அதே ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் குணம் தெரிந்தது. சுப்பாராவின் சகோதரர்களுக்கு அது காலம் கடந்துதான் வந்தது. நம் பிள்ளைகளுக்குக் காலத்தோடு வந்திருக்கிறது. 1948 ஆகஸ்டில், 53 வயதில், அவர் தூக்கத்திலேயே இறந்துபோனார். 1995-ல் இந்திய அரசு அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரிய வேண்டுமானால், தனக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற மூல ஏட்டைப் பிரதி எடுக்க வேண்டும். அந்தப் பிரதி எழுத மை மாதிரி உதவுவது ஃபோலிக் அமிலம். மை தீர்ந்தால் எழுத்து நிற்கும். உயிரணு பெருத்துக்கொண்டே போகும், பிரிய முடியாது. லூசி வில்ஸ் பார்த்த பெரிய சிவப்பணுக்கள் இப்படி வந்தவைதான். விநாடிக்கு 20 லட்சம் செய்ய வேண்டிய மஜ்ஜையில்தான் அடி முதலில் தெரியும். வயிற்றில் வளரும் சிசுவும் அப்படித்தான். ஒரே உயிரணுவிலிருந்து பிரிந்து பிரிந்து வளர்கிற உயிர் அது. கரு உண்டான 28 நாளுக்குள் தண்டுவடம் மூடிவிட வேண்டும். அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்றே தெரியாது. அதனால்தான் கல்யாணமான பெண்கள் முன்கூட்டியே ஃபோலிக் அமிலம் சாப்பிடுவது நல்லது என்கிறார்கள்.

இன்னொன்று. உடம்பில் இந்தச் சத்தின் சேமிப்பு மூன்று நான்கு மாதத்துக்குத்தான் வரும். பிறகு இருப்பு காலி. மாதாமாதம் சந்தா கட்டுவது போல அன்றாடம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. சிவப்பணுவின் எண்ணிக்கைக்கு ஃபோலிக் அமிலம், உள்ளே நிரப்பும் சரக்குக்கு இரும்பு. பை இருந்து பணம் இல்லாவிட்டாலும் பிரயோசனம் இல்லை. பணம் இருந்து பை இல்லாவிட்டாலும் பிரயோசனம் இல்லை. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்.

நாம் சொல்லும் சாக்குகள்

"புள்ள கறுப்பாப் பொறக்கும்." நிறம் அப்பா அம்மா வழியில் வருவது. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மலம்தான் கறுப்பாகப் போகும். அது உடம்பு எடுத்துக்கொள்ளாத மீதி இரும்பு, பயப்பட வேண்டாம்.

"வாந்தி வருது." வெறும் வயிற்றில் வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் தாங்க முடியாவிட்டால் பானைக்குள் போடாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். வேறு வழி சொல்வார்.

"டீயோட முழுங்கிட்டேன்." டீயும் காப்பியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் வேண்டாம். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் வேறு வேளைக்கு வையுங்கள். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பு சேர உதவும்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்." 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. நாடு முழுவதும் 57. ஆண்களில் 25-தான். 20 பேர் குழுவில் 10 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை சொல்ல வேண்டும். மாத்திரையைச் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நிறையத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அடுத்தது, கை கால் மரத்துப் போகிறவர்கள், மாத்திரை சாப்பிட்டும் இரத்தம் ஏறாதவர்கள் டாக்டரைப் பார்க்க வேண்டும். பி12 என்ற சத்து குறைந்தாலும் இதே சோகை வரும். அப்போது ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிட்டால் இரத்தம் சரியானது போல இருக்கும், நரம்பு உள்ளுக்குள் கெடும். பால், தயிர், முட்டை, மீன், கறியில் பி12 உண்டு. கீரையில் இல்லை.

சாப்பாட்டில் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை, நிலக்கடலை, கீரை என்று சேருங்கள். கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் ஃபோலிக் சத்தும் சாக்கடையில்தான். அளவாக வேகவைத்து அந்தத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடும் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுவோமே!

தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம்

சுகாதாரக் குழு சார்பில் மூன்று வேண்டுகோள்.

ஒன்று: ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் சந்தா எழுதி முடித்ததும், உறுப்பினர் வீட்டில் யார் கர்ப்பிணி, யார் பால் கொடுக்கிறார் என்று ஊக்குநர் கேட்டு எழுத வேண்டும். மாத்திரை வாங்கியாச்சா என்று கேட்டால் போதாது. எத்தனை மீதி இருக்கிறது என்று கேளுங்கள். பாக்கி எவ்வளவு என்று கேட்பது நமக்குக் கைவந்த கலைதானே.

இரண்டு: எல்லா உறுப்பினர்களும் துணை சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் குறைந்தால் சோகை. அந்த எண்ணைச் சேமிப்புப் புத்தகத்தின் பின் அட்டையில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை ஏறியிருக்கிறதா பார்ப்போம்.

மூன்று: மாமியார்மாருக்கு. மருமகள் சாப்பிட்டு முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீரும் மாத்திரையும் உங்கள் கையாலேயே கொடுங்கள். அவள் விழுங்கிய பிறகு படுக்கப் போங்கள்.

ஒரு தாய் நகையை விற்று மகனைப் படிக்க வைத்தாள். ஒரு மனைவி காத்திருந்தாள். ஒரு பெண் டாக்டர் கடல் தாண்டி வந்தார். பெயர் தெரியாத மில்லுத் தொழிலாளிப் பெண்கள் தங்கள் இரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். இத்தனை பேர் சேர்ந்து சேமித்தது அந்தச் சின்ன மாத்திரைக்குள் இருக்கிறது. நமக்கு அதைச் செலவில்லாமல் வீடு தேடி வந்து தருகிறார்கள்.

பானைக்குள் மாத்திரை வைத்த அந்தப் பெண் இப்போது பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். தினமும் இரவு மாத்திரை போடுகிறாள். போன மாதம் அவளுக்கு 10.4. இன்னும் ஏற வேண்டும், ஏறும். இந்த விஷயத்தைப் பேசுங்கள் என்று எங்களிடம் சொன்னவள் அவள்தான். "என் பேரைச் சொல்ல வேணாம், ஆனா சொல்லுங்கக்கா" என்றாள். சொல்லிவிட்டோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம்.